முள் எடுக்காத கடிதங்கள்

பாத்தாம்,
பிப்ரவரி 2

அன்புள்ள அக்காளுக்கு, என் ஊனிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தங்கை தேஸ்மார்னி எழுதுகிறேன். நான் நலம். நீங்களும் என் மகள் லித்ராவும் ஷஃப்னில் அண்ணனும் நலமா? வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

தாளைப் பார்த்ததும் யார் செத்தார்களோ என்று பதற வேண்டாம். யாரும் சாகவில்லை. தாளும் உறையும் தேடி அலைந்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதுதான் நஷ்டம்.

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். லித்ராவை வெளிச்சத்தில் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, முன்பற்களை எண்ணி, உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள். நடுத்தூணில் மாட்டிய அந்தப் பேசும் பெட்டி எலோக்கிடம் சொல்லி அனுப்பாதீர்கள்.

எங்கள் கப்பல் பட்டறையில் சமையல் செய்யும் அஸ்மர்தி லீவுக்குப் பாயாகும்பூ வந்துவிட்டுத் திரும்பினாள். சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே, "ஏன்டி தேஸ், ஊரான் கப்பலுக்கெல்லாம் வெல்டிங் வைக்கிறியே, பெத்த பொண்ணோட ஒடஞ்ச பல்லக் கட்டிவிட மாட்டியா?" என்றாள். நான் சிரித்தேன். தினமும் சாயங்காலம் திரையில் லித்ராவைப் பார்க்கிறேன், பல் வரிசை முழுசாக இருக்கிறது. உடனே அவள் தன் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். என் பெண் சந்தையில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள். மேல் முன்பல் ஒன்று பாதிதான் இருக்கிறது.

ஏழு வருடமாக நம் வீட்டுப் பேச்சு மொத்தமும் எலோக் வழியாகத்தான் போகிறது. நீங்கள் ஏசினால் எனக்கு அக்கறையாக வந்து சேரும். நான் எரிந்து விழுந்தால் உங்களுக்குக் கொஞ்சலாகப் போய்ச் சேரும். மீனுக்கு முள் எடுத்துத் தருவது போலத் தருகிறது என்று நாமே மெச்சிக்கொண்டோம். அம்மா போனபின் நாம் மூவரும் இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததற்கு இது தேவலை என்றுதான் நானும் தலையாட்டினேன். முள்ளை எடுக்கட்டும். உடைந்த பல்லை ஒட்டவைக்க அதற்கு யார் சொன்னது?

வேறு போனில் கூப்பிடலாம் என்றால் உங்கள் பக்கம் காதில் உட்கார்ந்திருப்பது எலோக்கின் மணிதான். அதனால்தான் தாள்.

மேஸ்திரி வார்சிதோ இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறார். ஏப்ரல் இருபத்தைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஜனவரியில் லித்ராவிடம் கேட்டேன். "இருங்க அமாக், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். அந்த வார்த்தையை நம்பித்தான் போடப் போகிறேன். ஆகவே பல்லை எண்ணுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
தேஸ்

பாயாகும்பூ,
பிப்ரவரி 19

தங்கை தேஸுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ்வின் கருணையால் எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் மழை வந்தால் முன்கூட்டியே சொல்கிறது.

தபால்காரர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டார் அனுதாபம் சொல்லவே வந்துவிட்டார்கள். எதற்கு இந்த வீண் வேலை? எலோக்கிடம் ஒரு வார்த்தை சொன்னால் போயிற்று. பேனா பிடித்து எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா? கை கடுக்கிறது.

குளத்தில் மீன் நன்றாகப் பெருத்திருக்கிறது. வயலில் நடவு முடிந்தது. லித்ரா நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள், போன வருடத்துப் பாவாடை முழங்காலுக்கு ஏறிவிட்டது. ஓதப் போகிறாள், படிக்கிறாள். அஸ்மர்திக்கு வாய் நீளம். அவள் குடும்பத்துக்கே அப்படி.

வேளைக்குச் சாப்பிடு. நெருப்போடு வேலை செய்கிறவள், ஜாக்கிரதை.

உன் அக்காள்,
யுஸ்மானிதார்

பாத்தாம்,
மார்ச் 3

ஊனிக்கு ஸலாம்.

நான் நலம். மீன் பெருத்ததும் பாவாடை ஏறியதும் தெரிந்துகொண்டேன். அஸ்மர்தியின் வாயைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது லித்ராவின் வாயைப் பற்றி.

எத்தனை பல்?

தேஸ்

பாயாகும்பூ,
மார்ச் 11

என் உயிரினும் இனிய தங்கச்சி தேஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பூவாகப் பொன்னாக நீ நலமாயிருக்க எங்கள் துஆ என்றென்றும் உண்டு. உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தோம். ஒரு தாயின் அன்பு எவ்வளவு ஆழமானது!

லித்ராவின் புன்னகை இந்த வீட்டுக்கே விளக்கு. அவளைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமே இல்லை. உன் கைப்பக்குவ ரெண்டாங் கறியை நினைத்தால் இன்றும் எங்கள் நாவில் நீர் ஊறுகிறது. இன்னும் இரண்டு வருடம் நிம்மதியாக இருந்து, நல்லபடியாகத் திரும்பி வா. இங்கே எல்லோருக்கும் அதில் சம்மதம், எல்லோருக்கும் மகிழ்ச்சி.

என்றும் உன் நலம் நாடும் அன்பு அக்காள்,
யுஸ்மானிதார்

பாத்தாம்,
மார்ச் 20

ஊனிக்கு ஸலாம்.

அச்சடித்து வந்த கடிதம் கிடைத்தது. அதைப் பெட்டியே எழுதியது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வரி கூட ஆகவில்லை. பிறந்ததிலிருந்து என்னை ஒரு முறையாவது "உயிரினும் இனிய" என்று கூப்பிட்டிருக்கிறீர்களா? என் ரெண்டாங் கறியை வாயில் வைத்துவிட்டு, "செருப்ப வேகவச்சியா?" என்று கேட்டவர் நீங்கள். அந்தக் கேள்விக்காக நான் ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. இன்றைக்கு அதே கேள்வியை உங்கள் வாயால் கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

என் கடிதத்தை வாய்விட்டுப் படித்தீர்களா? படித்திருப்பீர்கள். அது கேட்டுக்கொண்டிருக்கும். "நானே பதில் போடட்டுமா?" என்று குழைந்திருக்கும். நீங்களும் கை கடுப்பைச் சாக்காக வைத்துச் சரி என்றிருப்பீர்கள்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். ஜனவரி ஆறாம் தேதி வெல்டிங் பொறி தெறித்து என் இடக்கை முழங்கை வரை வெந்துபோனது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கிருந்து எலோக்கிடம், "கை எரியுது, பயமா இருக்கு, ஊனிகிட்டச் சொல்லு" என்று அழுதேன். உங்களிடமிருந்து, "சந்தோஷம் தேஸ், நல்லா ஓய்வெடு" என்று வந்தது. கல்நெஞ்சுக்காரி என்று உங்களைத் திட்டினேன். அதுவும் உங்களுக்கு வந்திருக்காது.

அன்றைக்கு உங்களுக்கு என்ன வந்தது? உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். கொல்லைக்குப் போய், காது மணியைக் கழற்றி வைத்துவிட்டு, இதை வாய் திறக்காமல் படியுங்கள்.

தேஸ்

பாயாகும்பூ,
ஏப்ரல் 2

தேஸ்,

ஸலாம். கை இப்போது எப்படி இருக்கிறது? மடக்க முடிகிறதா? தழும்பு இழுக்கிறதா? மூன்று மாதம் கழித்துக் கேட்கிறேன்.

வாழைத்தோப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜனவரி ஆறாம் தேதி எங்களுக்கு வந்தது இதுதான்: "பட்டறையில் சில நாள் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். கடல் அழகாக இருக்கிறது. இங்கே எனக்கு எந்தக் குறையும் இல்லை." நான் அதற்குத்தான் சந்தோஷம் என்றேன்.

பல்லைப் பற்றி. போன ஜூலையில் லித்ரா குளத்துப் படியில் வழுக்கி விழுந்தாள். முன்பல் ஒன்று பாதி உடைந்தது. கட்டிவிடக் கூப்பிட்டுப் போனேன், வர மாட்டேன் என்று ஆஸ்பத்திரி வாசல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மா வந்தால்தான் கட்டுவாளாம்.

ஏன் உனக்குத் தெரியவில்லை என்று ஷஃப்னில் அண்ணனிடம் கேட்டேன். அவர்தானே எலோக்கை நடுத்தூணில் மாட்டியவர். பிழைப்புத் தேடி ரன்தாவ் போனவர்களுக்குக் கனத்த சேதி சொல்லக் கூடாது, அங்கே இருப்பவரும் தன் கஷ்டத்தை வீட்டுக்குச் சொல்லக் கூடாது, கேட்டால் பிழைக்கப் போனவர் பாதியில் திரும்பிவிடுவார் என்பது நம் வழக்கம். நீ புறப்பட்ட அன்று அதை அப்படியே எலோக்குக்கு விதியாகச் சொல்லிவிட்டிருக்கிறார். "நம்ம வழக்கத்தத்தானேம்மா சொன்னேன், தப்பா?" என்கிறார். தப்பில்லை. ஆனால் மனிதர்கள் அந்த வழக்கத்தைக் கடைப்பிடிக்கும்போது எங்கேயாவது ஒரு அஸ்மர்தி உளறிவிடுவாள். பெட்டி உளறுவதில்லை.

போன மாதம் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. எலோக்கும் இல்லை. நானும் லித்ராவும் அண்ணனும் சோற்றைச் சுற்றி உட்கார்ந்தோம். குழம்பில் உப்பு அதிகம். அதை எப்படிச் சொல்வது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. அப்படியே சாப்பிட்டு எழுந்தோம்.

கைக்கு வைத்தியம் பார். மற்றது பிறகு.

ஊனி

பாத்தாம்,
ஏப்ரல் 9

ஊனிக்கு ஸலாம்.

கை மடங்குகிறது. விரல் இரண்டு மட்டும் முரண்டு பிடிக்கின்றன.

"மற்றது பிறகு" என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு என்பதற்கு நேரமில்லை. இன்னும் பதினாறு நாளில் கையெழுத்து. ஒப்பந்தத் தாள் மேஸ்திரியின் மேஜையில் கிடக்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

இரண்டு வருடம் இருக்கட்டுமா என்று கேட்டபோது லித்ரா நிஜமாக என்ன சொன்னாள்? என் காதில் விழுந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் வாயிலிருந்து வந்ததைச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் அவள் பக்கத்தில் இருந்தீர்கள். உங்கள் முழங்கை திரையில் தெரிந்தது.

தபாலில் போடாதீர்கள். தூமாய் துறைமுகம் போகும் பஸ் டிரைவர் நஸ்ருலிடம் கொடுங்கள். படகுக்காரர்கள் அவருக்குப் பழக்கம், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

தேஸ்

பாயாகும்பூ,
ஏப்ரல் 15

தேஸ்,

ஸலாம் சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

"வரச் சொல்லுங்க" என்றாள். மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை கத்தினாள். நான் காது மணியைக் கழற்றி வைத்திருந்தேன், அதனால் அவள் சொன்னதை அப்படியே கேட்டேன். உனக்கு எலோக் எதை அனுப்பியது என்று திரையின் அடியில் எழுத்தில் ஓடியதையும் படித்தேன். சும்மா இருந்தேன்.

ஏன் என்று கேட்பாய். வீடு அமைதியாக இருந்தது என்று முதலில் எழுதினேன், கிழித்துப் போட்டுவிட்டேன். நிஜம் இதுதான். டிசம்பரில் ஒரு நாள் தலை பின்னிவிடும்போது அவள் என்னை "அமாக்" என்று கூப்பிட்டாள். வாய் தவறித்தான். நான் திருத்தவில்லை. தாயின் அக்காளும் தாய்தான் என்று நம் ஊரே சொல்லும்; ஆனால் எனக்குள் ஓடியது ஊர் வழக்கம் இல்லை, ஆசை. நீ இன்னும் இரண்டு வருடம் வராவிட்டால் அவள் வாய் தவறாமலேயே கூப்பிடுவாள் என்று நினைத்தேன். இதை எந்தப் பெட்டியும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஜனவரிக்குப் பிறகு அவள் உன்னோடு பேசவே இல்லை. சாயங்காலமானால் கோழிக் கூண்டுப் பக்கம் போய்விடுகிறாள். திரையில் அவள் முகத்தைக் காட்டி உன்னோடு பேசுவது எலோக்.

உன் கடிதம் வந்த அன்று நாற்காலி போட்டு ஏறி எலோக்கைக் கழற்றினேன். காது மணிகளோடு சேர்த்துக் குளத்தில் போட்டேன். மீன்கள் சாப்பாடு என்று நினைத்து ஓடி வந்தன. அண்ணன் வந்து குதித்தார். "ஏழு வருஷ அமைதிய ஒரே நிமிஷத்துல கவுத்துட்டியே, பைத்தியமா ஒனக்கு?" என்று கத்தினார். "அமைதி இல்லண்ணே அது, வாய்ப்பூட்டு" என்று நானும் கத்தினேன். லித்ரா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமாக், ஒங்க கொரல் இவ்ளோ கட்டையா?" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம், அது வேறு.

என்னைத் திட்டி எழுது. குறைக்காமல் எழுது. உன் கேள்வியை லித்ராவிடம் காட்டினேன். அவள் எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை.

யுஸ்மானிதார்

(இதனுடன் வைத்தது)

அமாக்குக்கு,

ஸலாம். நலமா என்று கேட்க மாட்டேன்.

பல் உடைந்த அன்று ரத்தம் வருகிறது என்று சொன்னேன். நீங்கள் "ரொம்ப அழகா இருக்கே" என்றீர்கள். பொறுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஓட்டைவாய் என்று கூப்பிடுகிறார்கள் என்று சொன்னேன். "நல்லாப் படி தங்கம்" என்றீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஜனவரியில், "வாருங்கள்" என்று கத்தினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "சரி கண்ணு, அப்ப இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்" என்றீர்கள்.

அன்றோடு நிறுத்திவிட்டேன். மூன்று மாதம். நான் திரைக்கு முன்னால் உட்காரவே இல்லை. நான் அங்கே இல்லை என்பது உங்களுக்குத் தெரியவே இல்லை. பெரியம்மா மாக் துவோ, எலோக் ஏமாற்றிவிட்டது என்கிறார். எலோக் எலோக்தான். நீங்கள் அமாக். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் வர வேண்டாம். அங்கேயும் இருக்க வேண்டாம்.

லித்ரா

பாத்தாம்,
ஏப்ரல் 23

என் லித்ராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான் நலமாக இல்லை.

இரண்டு வருடத்தில் உன்னிடமிருந்து எனக்கு வந்த முதல் நிஜமான வார்த்தை இந்தக் கடிதம்தான். சமையல்கட்டுப் பின்னால் நின்று படித்தேன். படித்துவிட்டு அழுதேன், அஸ்மர்தி வந்து தண்ணீர் கொடுத்தாள். நீ சொல்வது சரி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று மாதமாக நீ ஒரு தடவைகூட என்னோடு சண்டை போடவில்லை. தலைவாரும்போது சீப்பைப் பிடுங்கி எறிந்த பெண் நீ. என் மகள் எவ்வளவு நல்லவளாகிவிட்டாள் என்று பட்டறை முழுக்கப் பெருமை அடித்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது, அதனால் சந்தேகப்படவில்லை. பெட்டியின் மேல் மட்டும் பழி போட மாட்டேன்.

உனக்கு வந்து சேராததை எல்லாம் இப்போது சொல்கிறேன். கடல் எனக்குப் பிடிக்கவில்லை, எண்ணெய் நாற்றம். என் இடக்கை வெந்துவிட்டது, பார்த்தால் பயப்படுவாய், பயப்படு. தங்கும் அறையில் எட்டுப் பேர். இரண்டு வருடம் இருக்கட்டுமா என்று உன்னைக் கேட்டதே, நீ கூடாது என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான்.

நேற்று மேஸ்திரியிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "ஒம் பொண்ணே சம்மதிச்சிருச்சுன்னியேம்மா?" என்றார். "சம்மதிச்சது பொட்டி, மேஸ்திரி. எம்பொண்ணு ஒத்துக்கல" என்றேன். "கொழந்த பேச்சக் கேட்டு வேலைய விடுவாங்களா?" என்றார். "ரெண்டு வருஷம் கேக்காம இருந்தாச்சு, இப்பக் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்ல மனுஷன்தான், தலையில் அடித்துக்கொண்டார்.

மே பன்னிரண்டில் படகு ஏறுகிறேன். மறுநாள் சாயங்காலம் ஊரில் இருப்பேன். அங்கே வந்து என்ன வேலை செய்வேன் என்று உன் மாமாக் கேட்பார். தெரியாது என்றே சொல்லப் போகிறேன். நீ வர வேண்டாம் என்றாலும் வருவேன். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. உன் கோபத்தில் ஒரு சிட்டிகைகூடக் குறைத்து வைக்காதே.

ஊனியிடம் சொல்: அவருக்குத் தனியாக நான்கு பக்கம் வருகிறது. அதில் ஒரு வரிகூட நல்ல வார்த்தை கிடையாது. கடைசியில் மட்டும் முழங்காலுக்குத் தேய்க்கத் தைலம் வாங்கிவருகிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

உன் அமாக்,
தேஸ்மார்னி

பாயாகும்பூ,
மே 3

அமாக்குக்கு,

ஸலாம். கை எப்படி இருக்கிறது? இது நிஜமாகக் கேட்பது.

மாக் துவோ உங்கள் நான்கு பக்கத்தையும் சமையலறையில் உட்கார்ந்து படித்தார். "இவளுக்கு இருக்கிற வாய்க்கு" என்று ஆரம்பித்து, முடிக்காமல் மூக்கைச் சிந்தினார். பிறகு எங்களுக்கு மீன் பொரித்தார். முள் எடுக்காமல்தான் சாப்பிட்டோம், மாமாக்கின் தொண்டையில் சிக்கிக்கொண்டது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னோம், இறங்கிவிட்டது. அதற்குள் எலோக் இருந்தால் இப்படி நடக்குமா என்று ஒரு பாட்டம் அழுதார்.

நீங்கள் வருவது எனக்குச் சம்மதமா என்று மாக் துவோ கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் யோசித்தேன். வரலாம்.

ஆனால் நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அது நீங்கள் வந்த அன்றே போகாது. எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்கே தெரியாது. பஸ் நிலையத்துக்கு மாக் துவோவும் மாமாக்கும் வருவார்கள். நான் வர மாட்டேன், வீட்டில்தான் இருப்பேன்.

நீங்கள் வந்தால் கதவைத் தட்டாதீர்கள். இது நம் வீடு, தள்ளிக்கொண்டு உள்ளே வாருங்கள். தட்டினால் யாரோ விருந்தாளி என்று நினைத்து எழுந்து வந்து மரியாதையாகப் பேசிவிடுவேன்.

லித்ரா